எம்ஜிபி-க்கு எட்டு ராடு போல்ட்: பழசா, அம்பாசிடரா, சீமையா, அமெரிக்காவா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தோப்புக்காரரின் 1964 எம்ஜிபி, பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், எங்கள் பட்டறையில் பிரித்துப் போட்டுக் கிடக்கிறது. கிராங்க் கோயமுத்தூர் போய் கிரைண்டிங் முடிந்து வந்துவிட்டது, பேரிங்கும் வந்துவிட்டது. வேலை நின்றது கனெக்டிங் ராடு போல்ட்டில்தான். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற ராடை கிராங்கோடு பிடித்துவைப்பது இதுதான். நாலு ராடு, எட்டு போல்ட், ஆளுக்கொரு யோசனை.

முதலில் இந்த போல்ட் எங்கே அடிவாங்குகிறது என்று பார்க்கணும். பெட்ரோல் வெடித்து பிஸ்டனைக் கீழே தள்ளும்போது இதற்கு வேலையே இல்லை. புகையைத் தள்ளிவிட்டு பிஸ்டன் மேலே போய்த் திரும்புகிற இடத்தில், எதிரே அமுக்க ஒன்றும் இல்லாமல், எல்லாம் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர். 6000 ஆர்பிஎம்மில் மேலும் கீழும் ஓடும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய இரண்டேகால் டன் இழுப்பு. 5000-லிருந்து 6000-க்கு ஏற்றினால் இழுப்பு 44 சதவீதம் கூடும். ஆக்சிலேட்டர் கால் எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்துதான் போல்ட்.

எங்கள் மேஸ்திரி பழசையே போடச் சொன்னார். "ஒரிஜினல் சாதனம், இனி இப்படிக் கிடைக்காதுங்க." புது நட்டு ஒன்றை எடுத்து எட்டு போல்ட்டிலும் விரலால் ஓட்டிப் பார்த்தேன். ஆறில் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டில் பாதி மரையிலேயே பிடித்துக்கொண்டது. போல்ட் நீண்டு மரை விலகியிருக்கிறது. மைக்ரோமீட்டர் வைத்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டிருந்தாலே தூக்கிப்போடணும். ஆனால் புதிதில் எவ்வளவு நீளம் இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் மீதி ஆறையும் நான் நம்பவில்லை.

அம்பாசிடர் காரின் போல்ட்டைப் போடும் யோசனை கேலிக்குரியது அல்ல. அந்த 1489 சிசி இன்ஜினும் எம்ஜிபி-யின் 1798-ம் ஒரே பி-சீரிஸ் குடும்பம், ஸ்ட்ரோக்கும் ஒன்றே. எம்ஜிபி-க்கு முந்தைய எம்ஜிஏ காரில் முதலில் ஓடியதே அந்த 1489-தான். ஆனால் எம்ஜிபி 95 குதிரைச்சக்தி தருவது 5400 ஆர்பிஎம்மில். நம்ம ஊர் டாக்ஸி அம்பாசிடர் அந்தப் பக்கமே போனதில்லை. போதாததற்கு உக்கடத்தில் கிடைத்த பாக்கெட்டில் போல்ட் தலையில் ஒரு முத்திரை இல்லை. யார் செய்தது, என்ன இரும்பு, யாரைக் கேட்பது?

லேத்துக்காரர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 12.9 கிரேடு ஆலன் போல்ட்டையே 10 எம்எம் மரை வெட்டிப் போடலாம் என்றார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். 3/8 அங்குலத் துளையை அகலப்படுத்தினால் மெலிவது ராடுதான்.

மிச்சம் இரண்டு. இங்கிலாந்திலிருந்து வரும் பழைய மாதிரிப் புது செட், இல்லையென்றால் கலிபோர்னியாவின் ஏஆர்பி கம்பெனி போல்ட். 1964 ராடு சாய்வாகப் பிளந்த வகை, போல்ட் நேரே ராடுக்குள் இறங்கும். சீமை செட் என்றால் 35 முதல் 40 பவுண்டு-அடி, அதாவது 47 முதல் 54 நியூட்டன் மீட்டர் முறுக்கி, போல்ட் கழலாமலிருக்க லாக் தகட்டை மடக்கினால் முடிந்தது. ஏஆர்பி 8740 குரோம்-மாலி இரும்பு, தாங்கும் இழுப்பு சதுர அங்குலத்துக்கு 1,80,000 பவுண்டுக்குக் குறையாது. சாதா கிரேடு 8 போல்ட் 1,50,000. தகடு வேண்டாம். அவர்களுடைய கிரீஸ், அவர்களுடைய டார்க் (முறுக்கும்) அளவு.

பலர் ஏமாறுவது இங்கேதான். முறுக்கும் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடும். கிரீஸை மாற்றிவிட்டுப் பழைய டார்க்கையே வைத்தால் போல்ட்டின் உண்மையான பிடிப்பு எவ்வளவு என்று தெரியாது. இன்னொன்று, இறுக்கம் கூடினால், ராடு கிராங்கைப் பிடிக்கிற பிக் எண்ட் துளையின் வட்டம் நெளியும். போல்ட்டை இறுக்கிய நிலையில் துளையை உரசி வட்டமாக்கும் ஹோனிங் செய்தே ஆகணும். ஹோனிங் இல்லாமல் ஏஆர்பி போடுவதைவிட சீமை செட் எவ்வளவோ மேல்.

பொள்ளாச்சி போய்வருகிற வண்டியென்றால் நான் சீமை செட்டோடு நிறுத்தியிருப்பேன். தோப்புக்காரருக்கோ செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஒருநாளாவது மிதிக்கணும். கூரியரும் கஸ்டம்ஸும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஏஆர்பி வரவழைத்தோம். ராடு நாலும் புது போல்ட்டோடு வேலந்தாவளம் வழியாக ஹோனிங்குக்குக் கோயமுத்தூர் போயிருக்கிறது.

அனுப்பும் முன், நேற்று ராத்திரி புது போல்ட் எட்டையும் ஒவ்வொன்றாக அளந்து, எந்த ராடு, எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுதினேன். நோட்டு வண்டியோடே போகும்.