ஏற்காட்டில் ஃபங்ஷன் வைக்கிறவங்க பேப்பர் பிளாஸ்ட் குழாயைப் பிரிச்சுப் பார்த்து வாங்குங்க

போன மாசம் தங்கச்சி ரிசப்ஷனை ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் வெச்சோம். எஸ்டேட்காரர் போட்டது ஒரே கண்டிஷன்: புல்லில் பிளாஸ்டிக் விழக் கூடாது, ராத்திரி காட்டெருமை வந்து மேயுற இடம்.

அதனால பேப்பர் பிளாஸ்ட் குழாய் (வெடிச்சதும் பேப்பர் துண்டுகளை மழையாத் தூவுற குழாய்) வாங்கப் போனப்போ, சேலத்தில் ஒரு டெக்கரேஷன்காரர்கிட்ட தண்ணியில் கரையுற டிஷ்யூ பேப்பர்தான் உள்ளே வேணும்னு அழுத்திச் சொன்னேன். டம்ளர் தண்ணியில் ஒரு துண்டைப் போட்டார், கண்ணு முன்னாடியே கூழாச்சு. குழாய்க்கு 150 ரூபாய் கூடுதல். நம்பி, 20 குழாய்க்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துட்டேன்.

மாலை மாத்தினதும் வெடிச்சாங்க. தங்கக் கலரில் பளபளன்னு இறங்குச்சு. டிஷ்யூ பேப்பர் இப்படி மின்னாதேன்னு அப்பவே வயித்தைக் கலக்குச்சு.

விடிஞ்சதும் போய்ப் பார்த்தோம். பனியில் ஒவ்வொரு துண்டும் புல்லோட ஒட்டிக் கிடக்கு, விளக்குமாத்துக்கு வரவே இல்லை. அம்மா, சித்தப்பா, நான் மூணு பேரும் குனிஞ்சு கையாலேயே மதியம் வரைக்கும் பொறுக்கினோம். வேலியோரம் ஒரு குளம்புத் தடம். அதுக்குள்ளே நாலு துண்டு அழுந்திக் கிடந்துச்சு. அதைப் பார்த்தப்போ மனசே ஆறலை. ஒண்ணை எடுத்து இழுத்தேன், கிழியாம நீண்டுச்சு. தீக்குச்சி வெச்சா சாம்பலாகலை, சுருண்டு உருகி, நாத்தம் வந்துச்சு. அலுமினியப் பூச்சு போட்ட பிளாஸ்டிக் தாள்! இது மக்காது, பொடிப்பொடியா உடைஞ்சு மண்ணிலேயே கிடக்கும்.

போன் பண்ணினா, "அண்ணா, அதுவும் எக்கோ ஃப்ரெண்ட்லிதான், குழாய்மேலயே போட்டிருக்கே" என்கிறார். போட்டிருந்தது ஒரு பச்சை இலைப் படம் மட்டும்தான். பில்லும் தரலை. எஸ்டேட்காரர் அட்வான்ஸில் 5,000 பிடிச்சுக்கிட்டார்; அவர்மேல் தப்பே இல்லை.

சாம்பிளை மட்டும் நம்பாதீங்க. சரக்கு வந்ததும் பெட்டியிலிருந்து நீங்களே ஒரு குழாயை எடுத்துப் பிரிச்சு, நனைச்சு, கிழிச்சு, கொளுத்திப் பாருங்க. அதுவரை பாதிப் பணம் உங்க கையிலேயே இருக்கட்டும். நிஜமான டிஷ்யூவா இருந்தாலும் வெள்ளையே வாங்குங்க, தூறலில் சாயம் இறங்கினா பட்டுப்புடவை போச்சு.

என்னைக் கேட்டா, சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் உதிரி ரோஜா வாங்கி, இதழைப் பிச்சுத் தட்டில் வெச்சுத் தூவச் சொல்வேன். சேலத்துப் பக்கம் அரளி தாராளமா கிடைக்குதேன்னு அதை மட்டும் கலந்துடாதீங்க. மாடு மேயுற இடத்தில் அரளி விஷம்.