ப்ரீஆம்ப் போடக் கொடுத்த பேஸ், பிக்கப் மாறித் திரும்பி வந்த கதை

சென்னையில் பேஸ் கிட்டார் வைத்திருப்பவர்கள், அதிலும் பழையதை வாங்கி பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்) மாற்றி, வயரிங் மாற்றி ஆசை ஆசையாக வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன வருடம் ஆக்டிவ் ப்ரீஆம்ப் (பேட்டரியில் ஓடி, பேஸின் சிக்னலை ஏற்றித் தரும் சின்னச் சர்க்யூட்) போட்டுத் தரச் சொல்லி ஒரு ரிப்பேர் கடையில் என் பேஸைக் கொடுத்தேன். ப்ரீஆம்ப் போட்டுத் தந்தார்கள். கூடவே, அதில் இருந்த பிக்கப் இரண்டையும் உருவிக்கொண்டு வேறு இரண்டை வைத்துத் தந்தார்கள். எனக்கு அது தெரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. கடைப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு முழுக்க அந்த ஆளைப் பற்றியே போய்விடும். எப்படி மாற்றினார்கள், நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

ராஜா பாட்டில் பேஸைக் கேட்டுப் பைத்தியம் பிடித்து இந்த வாத்தியத்துக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். என்னுடையது ஜப்பானில் செய்த ஃபெண்டர் ஜாஸ் பேஸ். கப்பலில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் செகண்ட் ஹாண்டாக வாங்கியது. வாங்கிய கொஞ்ச நாளிலேயே அதில் இருந்த பிக்கப்பைக் கழற்றிவிட்டு சீமோர் டங்கன் ஜோடி ஒன்றைப் போட்டேன். அந்த ஜோடிக்காக இரண்டு கல்யாண சீசன் காசு சேர்த்தேன். நானே சால்டர் பண்ணினேன். அன்றைக்குக் கை நடுங்கி, அயர்ன் முனை பிரிட்ஜ் பக்கப் (கம்பிகள் உடம்பில் மாட்டியிருக்கும் பக்கம்) பிக்கப்பின் கவரில் பட்டு ஒரு சின்னக் குழி விழுந்தது. அப்போது ஒரு வாரம் வருத்தப்பட்டேன். அந்தக் குழி பின்னால் சாட்சி சொல்ல வரும் என்று யாருக்குத் தெரியும்.

9 வருடம் அந்தப் பிக்கப்போடுதான் வாசித்தேன். நெக் பக்கப் (கழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும்) பிக்கப்பின் மேல் கட்டைவிரலை ஊன்றித்தான் எனக்கு வாசிக்க வரும். ஊன்றி ஊன்றி, ஈ கம்பிப் பக்கம் அந்த பிளாஸ்டிக் மூலை கூழாங்கல் மாதிரி வழவழப்பாகிவிட்டது.

மண்டபக் கச்சேரிகளில் பேஸ் சவுண்ட் எடுபடவில்லை என்று எனக்கு நெடுநாள் குறை. மேடையிலிருந்து சவுண்ட்காரர் வரை நீளக் கேபிள், நடுவில் எத்தனையோ கனெக்‌ஷன். பேஸுக்குள்ளேயே ஒரு ப்ரீஆம்ப் இருந்தால் நம் கையாலேயே பேஸ் (அடி ஒலி), ட்ரெபிள் (மேல் ஒலி) ஏற்றி இறக்கிக்கொள்ளலாமே என்று தோன்றியது. ஜாஸ் பேஸில் வால்யூம் குமிழ்களின் வயரிங் உட்காரும் கன்ட்ரோல் குழி ரொம்பக் குறுகல். ப்ரீஆம்பும் 9 வோல்ட் பேட்டரியும் சேர்ந்து உட்கார இடம் போதாது, பின்பக்கம் மரத்தைக் குடைய வேண்டும். சால்டரிங் வரும், மரம் குடையும் ரௌட்டர் மெஷினைப் பிடிக்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் கடைக்குப் போனேன்.

மாடியில் ஒரே ஒரு அறை. சுவர் நிறையக் கிட்டார்கள் தொங்கின. வயதான ஒருவர், உதவிக்கு ஒரு பையன். பேச்சு நன்றாக இருந்தது. "நீ கவலைப்படாத தம்பி, ஒரு வாரத்துல முடிச்சிடலாம்" என்றார். ப்ரீஆம்புக்கு 9,000, குடைந்து பொருத்த 3,500, செட்டப்புக்கு (கழுத்து வளைவு, கம்பி உயரம் சரிசெய்ய) 1,500. பில் கேட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத்தை மட்டும் எழுதிக் கொடுத்தார். பேஸின் மாடலோ, அதில் என்ன பிக்கப் இருக்கிறது என்றோ ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. பாதியை ஜிபேயில் அனுப்பிவிட்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் மூன்று வாரமானது, அது எல்லாக் கடையிலும் நடப்பதுதான்.

பேஸ் வீட்டுக்கு வந்த அன்றே என் கட்டைவிரலுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று இப்போது சொல்லலாம். ஊன்றியதும் மூலை குத்தியது. புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி. உயரத்தை மாற்றி வைத்திருப்பார்கள் போல என்று விட்டுவிட்டேன். ஒலி மாறியிருந்தது. நடுவில் ஒரு கெட்டித்தனம் இருக்குமே, அது போய்விட்டிருந்தது, மேலே தகரம் தட்டுகிற மாதிரி ஒரு கூர்மை. போன் பண்ணிக் கேட்டேன். "ஆக்டிவ் போட்டா சவுண்ட் மாறத்தானே தம்பி செய்யும்? காது பழகணும், ஒரு மாசம் வாசி" என்றார்.

ஏமாற்று நடந்த இடமே இதுதான். சும்மா கிளீன் பண்ணக் கொடுத்த பேஸில் பிக்கப்பை மாற்றினால் அன்றைக்கே மாட்டிக்கொள்வார்கள். ஒலி மாறவேண்டும் என்று நாமே காசு கொடுத்துக் கேட்டிருக்கும்போது மாற்றினால், மாறியது எதனால் என்று பிரித்துச் சொல்ல நம் காதுக்குத் தெரியாது. ப்ரீஆம்ப், வயரிங், புதுக் கம்பி எல்லாம் ஒன்றாக மாறும் வேலைகளில்தான் இது ரொம்ப வசதி.

அடுத்தது ஹம். விவரம் தெரியாதவர்களுக்காக: ஜாஸ் பேஸில் இருக்கும் இரண்டும் ஒற்றைச் சுருள் பிக்கப். ஒன்றை மட்டும் திறந்தால் "ம்ம்ம்" என்ற கரண்ட் இரைச்சல் வரும். இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால் அது அடங்கிவிட வேண்டும். ஜோடியாகச் செய்யும்போது ஒன்றின் சுருளை எதிர்ப்பக்கமாகச் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைத்திருப்பார்கள். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் ஒலி மட்டும் கூடி வரும். 9 வருடம் அப்படித்தான் இருந்தது. இப்போது இரண்டையும் முழுக்கத் திறந்தால் இரைச்சல் இன்னும் ஏறியது. ஒரு ரிசப்ஷனில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அந்த ம்ம்ம் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மண்டபத்தில் எர்த் சரியில்லை என்று சமாளித்தேன். மண்டபங்களில் எர்த் சரியாக இருப்பதே அதிசயம் என்பதால் எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

மூன்றாவது வாரம் பேட்டரி செத்தது. இதுதான் என்னைத் திருகுளி எடுக்க வைத்தது. 9 வோல்ட் பேட்டரி ப்ரீஆம்பில் மாதக் கணக்கில் வர வேண்டும், ஏனென்றால் கேபிளைச் செருகினால் மட்டும்தான் கரண்ட் ஓடும்படி வயரிங் செய்வார்கள். அதற்கு ஸ்டீரியோ ஜாக் வேண்டும். பேட்டரியின் நெகட்டிவை அதன் நடு முனையில் இணைப்பார்கள். சாதாரண கேபிளின் பிளக் உள்ளே போகும்போது அந்த முனையும் எர்த்தும் ஒட்டிக்கொண்டு சுற்று முழுமையாகும். கேபிளை உருவினால் நின்றுவிடும். நான் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பழைய மோனோ ஜாக்கே இருக்கிறது. பேட்டரி நெகட்டிவை நேராக எர்த்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். கேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பேஸ் பைக்குள் தூங்கினாலும், ராத்திரி பகலாக பேட்டரி கரைந்துகொண்டே இருந்திருக்கிறது. ஸ்டீரியோ ஜாக்குக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

அத்தோடு, நான் போட்டிருந்த துணி சுற்றிய பிக்கப் வயர் அங்கே இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் வயர், கறுப்பும் வெள்ளையும். அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

கம்பியைத் தளர்த்தி இரண்டு பிக்கப்பையும் தூக்கினேன். நான் வைத்திருந்த பிக்கப்பில் கம்பிக்கு அடியில் தெரியும் எட்டு உருளைகளும் தனித்தனிக் காந்தம். கையில் எடுத்துத் திருப்பினால் அடியிலும் அந்த உருளைகளின் மறுமுனைதான் தெரியும். இதில் அடியில் கறுப்பாக ஒரு நீளக் கட்டி ஒட்டியிருந்தது, பிசின் வழிந்து காய்ந்திருந்தது. அதுதான் காந்தம், செராமிக். மேலே தெரிவது வெறும் இரும்புக் குச்சிகள். செராமிக் என்றாலே மட்டம் என்று சொல்லவில்லை, அதில் நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது என்னுடையது இல்லை. பிரிட்ஜ் பக்கம் பார்த்தால், மரத்தில் பிக்கப் உட்காரும் பள்ளத்தின் ஓரத்துக்கும் பிக்கப்புக்கும் நடுவே நூல் கனத்துக்கு ஒரு இடைவெளி. ஜாஸ் பேஸில் வழக்கமாக பிரிட்ஜ் பிக்கப் மற்றதைவிட 3 மில்லிமீட்டர் போல நீளம் கூடுதல் (சில மாடல்களில் இரண்டும் ஒரே அளவு வரும்). இவர்கள் இரண்டு பக்கமும் குட்டை பிக்கப்பையே போட்டிருந்தார்கள். ஒரு மாதமாக அந்த இடைவெளி என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது.

மகளின் பென்சில் பெட்டியில் ஒரு திசைகாட்டி உண்டு. அதை எடுத்து ஒவ்வொரு பிக்கப்பின் மேலேயும் காட்டினேன். முறையான ஜோடி என்றால் ஒன்றுக்கு ஊசியின் வடமுனை திரும்ப வேண்டும், மற்றதற்குத் தென்முனை. இரண்டுக்கும் ஒரே முனைதான் திரும்பியது. ஹம் ஏன் அடங்கவில்லை என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஒரே பிக்கப்பில் இரண்டை வாங்கி இரண்டு பக்கமும் போட்டுவிட்டார்கள்.

ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு மல்ட்டிமீட்டரும் வாங்கி வந்து அளந்தேன். இதில் ஒன்று சொல்ல வேண்டும், ஓம் அளவை மட்டும் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். ஜாஸ் பேஸ் பிக்கப் பலதும் 7, 8 கிலோ ஓமுக்குள்தான் வரும், மட்டமானதும் அதே அளவு காட்டும். எனக்கும் அப்படித்தான் காட்டியது. கொடுக்கும் முன்பே அளந்து எழுதி வைத்திருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

செட்டப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு கனம் இருந்தால் போதும். எனக்கு மூன்று கார்டு நுழைந்தது. கழுத்துக்குள் இருந்து வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைத் தொட்டே இருக்க மாட்டார்கள்.

நேரில் போனேன், டிரம்ஸ் வாசிக்கும் நண்பனைக் கூட்டிக்கொண்டு. பெரியவர் முதலில் சிரித்தார். "நீ கொண்டாரும்போதே இதான் இருந்துச்சு. செகண்ட் ஹாண்ட்ல வாங்கினேன்னு நீதானே சொன்ன? வித்தவன் உன்னை ஏமாத்தியிருப்பான்." இந்தப் பதில் வரும் என்று எதிர்பார்த்தேன். பிக்கப் ஜோடியை நான் தனியாக வாங்கியதற்கு ஆன்லைன் பில் மெயிலில் இருந்தது. அதைவிட, சால்டர் பண்ணிய அன்று கவர் உருகிப் போச்சு என்று இதே நண்பனுக்கு நான் அனுப்பிய போட்டோவை அவன் தேடி எடுத்திருந்தான். குழி தெளிவாகத் தெரிந்தது. போட்டோவைப் பார்த்ததும் பெரியவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பையனைத் திட்ட ஆரம்பித்தார். "பையன் மாத்திப் போட்டிருப்பான், தேடிப் பாக்கிறேன்." பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன்தான் செய்தானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. 1915-க்குப் பேசினேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். விவரத்தைக் கேட்டுக்கொண்டு, கடைக்கு முதலில் எழுத்தில் நோட்டீஸ் அனுப்பச் சொன்னார்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். வக்கீல் வைக்கவில்லை. நானே ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, பில், போட்டோ, ஜிபே ரசீது எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அட்டை திரும்பி வந்த மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். "எதுக்குத் தம்பி லெட்டர் எல்லாம், நமக்குள்ள பேசிக்கலாமே."

நெக் பிக்கப் கிடைத்தது. செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார். பிரிப்பதற்கு முன்பே விரலால் தடவினேன், மூலை வழவழப்பு. பிரிட்ஜ் பிக்கப் "கை மாறிடுச்சு" என்றார். செட்டப் காசும் அதற்கு மேல் 2,500-ம் தந்தார். புதிதாக ஒரு பிரிட்ஜ் பிக்கப் வாங்க அது காணாது. ஆணையத்துக்குப் போயிருக்கலாம், நண்பன் இன்னும் திட்டுகிறான். சீசன் ஆரம்பித்துவிட்டது, எனக்கு அலையத் தெம்பில்லை.

இப்போது வேறு ஒருவரிடம்தான் வேலை கொடுக்கிறேன். கொடுக்கும்போது அவர் கண் முன்னாலேயே தகட்டைக் கழற்றி, பிக்கப்பைத் தூக்கி, அடிப்பக்கத்தோடு போட்டோ எடுத்து, அவர் வாட்ஸப்புக்கே அனுப்பிவிடுவேன். பிக்கப் அடியில் மகளின் நெயில் பாலிஷால் ஒரு புள்ளியும் உண்டு. கழற்றின பாட் (வால்யூம் குமிழின் அடிப்பாகம்), ஜாக், பழைய கம்பி உட்பட எல்லாம் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். வேலை தெரிந்த ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார். இவர் முதல்முறை நான் போட்டோ எடுத்தபோது "அந்தப் பக்கம் வெளிச்சம் பத்தல, இந்த லைட்டைப் பிடிங்க" என்றார்.

இந்த ஒரு வருடத்துக்குள் செகண்ட் ஹாண்டில் ஜாஸ் பேஸோ, டங்கன் பிரிட்ஜ் பிக்கப் ஒன்று மட்டும் தனியாகவோ வாங்கியவர்கள் யாராவது இருந்தால், கவரின் ஜி கம்பிப் பக்கம் ஓரத்தில் மிளகு அளவுக்கு உருகின குழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் கொடுத்த காசை நான் கொடுத்துவிடுகிறேன். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கக்கூட மாட்டேன்.