மாம்பழ சீசனில் ராத்திரி கிடையாது: போஸ்ட்கிரெஸ் பேக்கப் அனுபவம்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கூழ் ஆலைக்கு எதற்கு இரண்டு டிபி டேட்டாபேஸ் என்று கேட்காதவர்கள் இல்லை. வே-பிரிட்ஜில் (வண்டியோடு எடை போடும் மேடை) வண்டி ஏறும்போது நம்பர் பிளேட்டுக்கு ஒரு படம், லோடுக்கு ஒரு படம், காலி வண்டியாகத் திரும்பும்போது மறுபடியும் இரண்டு. மென்பொருள் எழுதிக் கொடுத்தவர்கள் அந்தப் படங்களை ஃபைலாக வைக்காமல் டேபிளுக்குள்ளேயே திணித்துவிட்டார்கள். ஏற்றுமதிக்குப் போகும் டிரம்மில் இருப்பது எந்தத் தோட்டத்துக் காய் என்று வெளிநாட்டுக்காரர் கேட்டால் எடைச் சீட்டு வரைக்கும் போய்க் காட்ட வேண்டும், அதனால் பழசை அழிக்கவும் முடியாது. வருடா வருடம் கூடிக்கொண்டுதான் போகிறது.

பேக்கப் பற்றி எந்தப் பாடத்தைப் படித்தாலும் 'இரவில், சர்வர் சும்மா இருக்கும் நேரத்தில்' என்றுதான் ஆரம்பிக்கும். மே கடைசியிலிருந்து ஜூலை வரை இந்தப் பக்கம் அப்படி ஒரு நேரமே கிடையாது. பகலில் பறித்த பெங்களூரா காய் சாயங்காலம் லோடாகி ராத்திரி வந்து சேர்கிறது. பதினொன்று மணிக்கு கேட்டுக்கு வெளியே டிராக்டரும் டெம்போவும் ரோடு வரைக்கும் நிற்கும். எங்கள் சர்வர் அதிகம் உழைப்பதே அப்போதுதான். கீழே சொல்வதெல்லாம் இதை மனதில் வைத்துப் படிக்க வேண்டியவை.

எங்கள் டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ். முதல் சில வருடங்கள் அதனோடு வரும் பேக்கப் கருவியான பிஜி டம்ப் மட்டும்தான். அதைக் குறை சொல்ல மனம் வராது. டம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடை போடலாம், சீட்டு அடிக்கலாம். டம்ப் தொடங்கிய நொடியில் டேட்டா எப்படி இருந்ததோ அப்படியே ஒரு படம்பிடித்த நிலையை எடுத்துத் தரும். இண்டெக்ஸின் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) உள்ளடக்கத்தை எழுதாது, 'இப்படி ஒரு இண்டெக்ஸ் கட்டு' என்ற கட்டளையை மட்டும் எழுதும். வேறு வெர்ஷனுக்கு, வேறு மெஷினுக்குக் கொண்டுபோக இதைவிட நல்ல வழி இல்லை.

சிக்கல் படங்களில்தான். பிஜி டம்ப் பைனரி டேட்டாவை ஹெக்ஸ் எழுத்துகளாக மாற்றி எழுதும், அதாவது ஒரு பைட் இரண்டு எழுத்தாகிவிடும். ஜேபெக் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது, அதை மறுபடி சுருக்குவது வீண் என்று கம்ப்ரெஷனை நிறுத்தினால் டம்ப் ஃபைல் டேபிளைப் போல இரண்டு மடங்கு வளரும். கம்ப்ரெஷன் போட்டால் அந்த இரட்டிப்பை மட்டும் பழையபடி பாதியாக்கித் தரும், அதற்கு மேல் ஒன்றும் குறையாது. அந்தப் பாதிக்காக ஜிஜிப் என்ற சுருக்கும் முறை மணிக்கணக்கில் சிபியூவைத் தின்னும். 2023-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 16-இலிருந்து பிஜி டம்பிலேயே இசட்-ஸ்டாண்டர்ட், எல்இசட்4 என்ற வேறு இரண்டு சுருக்கும் முறைகளையும் பயன்படுத்தலாம். எல்இசட்4 வேகம் என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த ஹெக்ஸ் குப்பைக்கு அது உதவாது. திரும்பத் திரும்ப வரும் தொடர்களைத்தான் அது சுருக்கும், ஜேபெக்கில் அப்படி எதுவும் வராது. இசட்-ஸ்டாண்டர்டின் கீழ் லெவல்களே போதும், வேகமும் வருகிறது, பாதியும் ஆகிறது.

இன்னொன்று, டைரக்டரி ஃபார்மட்டில் ஒரே நேரத்தில் ஓட எட்டு ஜாப் என்று கொடுத்தாலும் ஒரு டேபிளை ஒரு ஜாப்தான் எடுக்கும். ஏழு ஜாப்பும் சின்ன டேபிள்களை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்க, எட்டாவது மட்டும் படங்கள் டேபிளோடு விடிய விடியப் போராடும். சீசன் வாரியாக அந்த டேபிளை பார்ட்டிஷன் பிரித்த பிறகுதான் இணையாக ஓடுவது என்றால் என்னவென்று பார்த்தோம்.

நேரம் நீள்வதோடு பிரச்சினை நிற்பதில்லை. டம்ப் முடியும் வரை அதன் டிரான்ஸாக்ஷன் திறந்தே இருக்கும். அது தொடங்கிய பிறகு செத்த வரிகளை வேக்கியூம் (போஸ்ட்கிரெஸின் துப்புரவு வேலை) சுத்தம் செய்ய முடியாது. வண்டி வரிசைக்கான டோக்கன் டேபிள் சின்னதுதான், ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் அப்டேட் ஆகும்; காலையில் பார்த்தால் ஊதிப்போய்க் கிடக்கும். லாக் (பூட்டு) கதை வேறு. பிஜி டம்ப் எல்லா டேபிளிலும் மிக லேசான ஒரு லாக் போட்டு வைக்கிறது. எழுதுவதையோ படிப்பதையோ அது தடுக்காது. ஒரு சீசனில் மென்பொருள்காரர்கள் நள்ளிரவில் அப்டேட் அனுப்பினார்கள், எடைச் சீட்டு டேபிளில் புதிதாக ஒரு காலம் சேர்க்க. அந்த ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) டம்புக்குப் பின்னால் காத்து நின்றது. அதன் பின்னால் வந்த ஒவ்வொரு இன்சர்ட்டும் ஆல்டருக்குப் பின்னால் நின்றது. வே-பிரிட்ஜ் தம்பி போன் பண்ணி, "சார், சீட்டு வர மாட்டேங்குது, வண்டி மேடை மேலயே நிக்குது, டிரைவருங்க கத்துறாங்க" என்றான். ஆல்டரைக் கொன்றதும் சீட்டுகள் பட்டாசு மாதிரி அடித்துத் தள்ளின. அன்றிலிருந்து டேபிளை மாற்றும் எந்தக் கட்டளைக்கும் லாக் டைம்அவுட் (பூட்டுக்காகக் காத்திருக்கும் வரம்பு) சில நொடிகள் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்கு எழுதியே கொடுத்திருக்கிறோம்.

இதற்கெல்லாம் பிறகு பிஜி பேக்ரெஸ்ட் என்ற தனி பேக்கப் கருவிக்கு மாறினோம். அது டேபிளைப் பார்ப்பதில்லை, டேட்டா டைரக்டரியில் இருக்கும் ஃபைல்களை அப்படியே எடுக்கிறது. கூடவே, எந்த மாற்றத்தையும் போஸ்ட்கிரெஸ் முதலில் எழுதி வைக்கும் டபிள்யூ.ஏ.எல். லாகையும் (இது பூட்டு இல்லை, மாற்றங்களின் பதிவேடு; இனி லாக் என்றால் இதுதான்) 16 எம்பி துண்டு துண்டாகத் தொடர்ந்து சேமிக்கிறது. ஃபைல் நகலும் லாகும் சேர்ந்தால், இடையில் எந்த நொடிக்கு வேண்டுமானாலும் டேட்டாபேஸைக் கொண்டுபோய் நிறுத்தலாம். வாரம் ஒரு முழு பேக்கப், நடுவில் தினமும் இன்கிரிமென்டல் (முந்தைய பேக்கப்புக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுப்பது), லாக் எப்போதும். ராத்திரி, பகல் என்று நேரம் தேடத் தேவையில்லை. எங்களுக்கு இது ஒன்றுக்காகவே மாறியது சரி.

இன்கிரிமென்டல் என்றதும் மாறிய வரிகளை மட்டும் எடுக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். போஸ்ட்கிரெஸ் பெரிய டேபிளை 1 ஜிபி ஃபைல்களாகப் பிரித்து வைக்கிறது. பேக்ரெஸ்டின் சாதாரண இன்கிரிமென்டலில் அந்த ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் முழு 1 ஜிபியும் மறுபடி போகும். கூடையில் ஒரு காய் கெட்டதற்குக் கூடையையே மாற்றுகிற கதை. படங்கள் டேபிளில் கடைசி ஃபைலில் மட்டும்தான் புதிது சேரும், அதனால் அங்கே தொந்தரவில்லை. விவசாயிகள் கணக்கு டேபிளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எல்லா ஃபைலும் மாறும். 2023-இல் பேக்ரெஸ்ட் 2.46 வெர்ஷனில் வந்த, ஃபைலில் மாறிய துண்டுகளை மட்டும் எடுக்கும் பிளாக் இன்கிரிமென்டலைப் போட்ட பிறகு தினசரி பேக்கப்பின் அளவு கண்கூடாகக் குறைந்தது. ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் பண்டில் வசதியை ஆன் செய்தால்தான் அது வேலை செய்யும்.

இதில் எனக்குப் பிடிக்காத பக்கமும் உண்டு. லாக் போய்ச் சேர வேண்டிய டிஸ்க் தகராறு பண்ணினால் போஸ்ட்கிரெஸ் லாகைத் தூக்கிப் போடாது, தன்னிடமே சேர்த்து வைத்துக்கொண்டே போகும். அந்த இடமும் நிரம்பினால் டேட்டாபேஸ் படுத்துவிடும். மே மாதத்துக் கோடை மழை இங்கே இடியோடுதான் வரும். அப்படி ஒரு சாயங்காலம் பேக்கப் டிஸ்க் இருந்த பெட்டியின் பவர் சப்ளை போய்விட்டது, மெயின் சர்வரில் லாக் மலையாகக் குவிய ஆரம்பித்தது. பிஜி ஸ்டாட் ஆர்க்கைவர் வியூவில் கடைசியாகப் போன லாகின் நேரம் பத்து நிமிடத்துக்கு மேல் பழசானால் என் போனுக்கு மெசேஜ் வரும்படி வைத்திருந்ததால் நேரத்தோடு தெரிந்தது. லாக் இவ்வளவுக்கு மேல் சேர்ந்தால் பேக்கப்புக்கு அனுப்பாமல் விட்டுவிடு என்று பேக்ரெஸ்டில் ஒரு வரம்பு வைக்கலாம். வைத்தால் சர்வர் பிழைக்கும், ஆனால் லாக் தொடரில் ஓட்டை விழும், அந்த ஓட்டையைத் தாண்டி முன்னே போக முடியாது. சீசனில் நான் வரம்பு வைக்கிறேன். ஏனென்றால் காய் காத்திருக்காது, வெயிலில் லோடு நின்றால் விவசாயிக்கு நஷ்டம். ஓட்டை விழுந்தால் பெட்டி சரியானதும் உடனே ஒரு புது பேக்கப் எடுத்துக்கொள்ளலாம். சீசன் முடிந்ததும் வரம்பை எடுத்துவிடுகிறேன். வங்கி மாதிரி இடத்தில் இருப்பவர்கள் நேர்மாறாக முடிவெடுப்பார்கள், அதுவும் நியாயம்தான்.

உண்மையான சோதனை ஒரு ஜூன் மாதத்தில் வந்தது. கணக்குப் பிரிவில் ஒருவர் ஒரு ரகத்துக்கு விலை மாற்றப் போய், நிபந்தனை இல்லாத அப்டேட் ஓடிவிட்டது. அல்போன்சா, செந்தூரா, பெங்களூரா எல்லாம் ஒரே விலை! மொத்த சர்வரையும் பின்னால் இழுத்தால் அதற்குப் பிறகு வந்த எடைகள் போய்விடும். அதனால் பழைய சர்வர் ஒன்றில் பேக்கப்பை விரித்து, அந்த அப்டேட்டுக்கு ஒரு நிமிடம் முந்தைய நேரத்தில் நிறுத்தினோம். நேரத்தோடு +05:30 என்று சேர்த்தே கொடுக்க வேண்டும். சர்வர் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்து, அதைச் சேர்க்காமல் விட்டால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போய் நிற்கும். பிறகு அங்கிருந்து விலை டேபிளை மட்டும் பிஜி டம்பில் எடுத்து மெயின் சர்வரில் சேர்த்தோம். பேக்ரெஸ்டுக்கு ஒரு டேபிளை மட்டும் மீட்கத் தெரியாது, பிஜி டம்புக்கு ஒரு நொடிக்குத் திரும்பத் தெரியாது. நான் இன்னும் இரண்டையும் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

அன்று எங்களைக் காத்திருக்க வைத்தது நெட்வொர்க். ஒரு கிகாபிட் லைனில் நொடிக்கு 110 எம்பி போனால் பெரிது. இரண்டு டிபி வந்து சேர ஐந்து மணி நேரம். அதற்கு முன்பு வரை பேக்கப் எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்றுதான் நிர்வாகத்துக்கு ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது கொடுப்பது திரும்ப எழுப்ப எத்தனை மணி என்று. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முதலாளி இரண்டு மெஷினுக்கும் 10 கிகாபிட் கார்டு வாங்கச் சம்மதித்தார். பிஜி டம்பிலிருந்து முழு டேட்டாபேஸையும் எழுப்புவது இன்னும் மோசம், எல்லா இண்டெக்ஸையும் புதிதாகக் கட்ட வேண்டும்.

டிஸ்க் விஷயத்தில் மலிவைப் பார்த்து ஏமாற வேண்டாம். யுஎஸ்பி ஹார்ட் டிஸ்குகள் பலவற்றில் எஸ்எம்ஆர் தொழில்நுட்பம் இருக்கிறது, முதலில் பறக்கும், நூற்றுக்கணக்கான ஜிபி தொடர்ந்து எழுதினால் மூச்சு வாங்கும். கழற்றிப் பூட்டி வைக்கும் டிஸ்க் ஒன்று அவசியம், ரான்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் நெட்வொர்க்கில் தெரியும் எதையும் விடாது. எங்களுடையது ஓசூர் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. என்கிரிப்ட் செய்திருப்பதால் பாஸ்வேர்டை எழுதி வேறொரு இடத்தில் வைத்திருக்கிறோம், அது இல்லையென்றால் டிஸ்க் வெறும் இரும்பு.

ஒத்திகையை கார்த்திகை, மார்கழியில் வைத்துக்கொள்கிறோம், ஆலை அமைதியாக இருக்கும் காலம். எழுப்பியதும் டேட்டா கெட்டிருக்கிறதா என்று சோதிக்கும் பிஜி ஆம்செக் ஓட்டி, பழைய சீட்டு ஒன்றின் படத்தைத் திறந்து நம்பர் பிளேட் தெரிகிறதா என்று பார்ப்போம். இதில்தான் ஒரு வில்லங்கம் தெரியவந்தது. மெயின் சர்வர் சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ், ஒத்திகை மெஷின் புது லினக்ஸ். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 வெர்ஷனில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறிவிட்டது. ஃபைல் பேக்கப் பழைய வரிசையிலேயே இண்டெக்ஸைக் கொண்டுவரும், அதனால் பெயரை வைத்துத் தேடினால் இருக்கும் விவசாயி இல்லை என்று சொல்லும். எழுத்து இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்த பிறகுதான் சரியானது. பிஜி டம்பில் இந்தத் தொல்லை வராது.

2024-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17-இல் போஸ்ட்கிரெஸோடு வரும் ஃபைல் பேக்கப் கருவியான பிஜி பேஸ்பேக்கப்பிலேயே இன்கிரிமென்டல் வந்துவிட்டது, ஓட்டிப் பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது. ஆனால் பழைய பேக்கப்பை எப்போது அழிப்பது என்ற கணக்கை நாமே பார்க்க வேண்டும், எழுப்பும்போது பிஜி கம்பைன்பேக்கப் வைத்து எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும். இரண்டு டிபிக்கு அந்த இடமும் நேரமும் கையைக் கடிக்கும். இப்போதைக்கு மாறுவதாக இல்லை.

தர்மபுரியில் விதைக் கடை, புளி மண்டி வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் நம்மிடமும் போஸ்ட்கிரெஸ்தான் ஓடுகிறது, பேக்ரெஸ்ட் போட்டுக் கொடு என்று கேட்கிறார்கள். முப்பது நாற்பது ஜிபிக்கு அது தேவையே இல்லை. கடையைச் சாத்திய பிறகு கஸ்டம் ஃபார்மட்டில் ஒரு பிஜி டம்ப் போதும். கூடவே பிஜி டம்ப்ஆல் கட்டளையை குளோபல்ஸ் மட்டும் என்று ஓட்டிக்கொள்ள வேண்டும், யூசர்களும் பாஸ்வேர்டுகளும் பிஜி டம்பில் வராது. பென் டிரைவில் வைப்பவர்கள் அது ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள், 4 ஜிபியைத் தொட்டதும் டம்ப் பாதியில் நின்றுவிடும். சர்வரை மேம்படுத்தும்போது பிஜி டம்பையும் சேர்த்து மேம்படுத்துங்கள், பழைய பிஜி டம்ப் புது சர்வரைத் தொட மறுக்கும். 2017 ஜனவரியில் மென்பொருள் கோடுகளைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் டேட்டா டைரக்டரி தவறுதலாக அழிந்தபோது, பிஜி டம்ப் இந்த வெர்ஷன் தகராறில் தோற்றுப்போய்க்கொண்டிருந்தது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எச்சரிக்கை மெயில்களும் வந்து சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரம் பழைய ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட் (டிஸ்கின் அந்த நேரத்து நகல்) இருந்ததால் மீண்டார்கள். அதனால் மண்டிக்காரருக்கு நான் போட்டுக் கொடுக்கும் ஸ்கிரிப்ட், பேக்கப் ஆனால் தினமும் ஃபைலின் அளவோடு ஒரு மெசேஜ் அனுப்பும். மெசேஜ் வராத நாளில் அவர் என்னைக் கூப்பிட வேண்டும்.