ஓ.எல் முடிந்தபின்: உயர்தரமா, என்.வி.கியூ வகுப்பா, பயிலுனர் வேலையா?

கொழும்பில் ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு வந்ததும் வீடுகளில் கேட்கப்படும் முதல் கேள்வி "எந்த ஸ்ட்ரீம்?", அதாவது உயர்தரத்தில் எந்தப் பாடப் பிரிவு என்பதுதான். உயர்தரம் படிப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் முன்னரே கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ டியூஷன் வகுப்புக்கு இடம் பிடித்துவிடுகிறார்கள். இங்கே எல்லா வழிகளையும் ஒரே கேள்வியைக் கொண்டு அளக்கிறோம்: பாதியில் தடைப்பட்டால் பிள்ளையின் கையில் என்ன மிஞ்சும்? நன்றாக முடிந்தால் எங்கே போய்ச் சேரலாம் என்பதை எல்லாரும் சொல்வார்கள். பாதியில் நின்ற பிள்ளையைப் பற்றிப் பெரும்பாலும் எவரும் பேசுவதில்லை.

உயர்தரம்

தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றில் மூன்றில் குறைந்தது "சி" (திறமைச் சித்தி) என்பதே நுழைவதற்கான பொதுவான நிபந்தனை. நுழைவது பெரிய காரியமில்லை, வெளியேறும் இடத்தில்தான் நெருக்கடி. மூன்று பாடங்களிலும் சித்தியும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் பெற்றால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். இடம் கிடைப்பதை இசட் புள்ளி, அதாவது மற்றப் பரீட்சார்த்திகளோடு ஒப்பிட்டுக் கணிக்கப்படும் புள்ளி, தீர்மானிக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் போகின்றன. கொழும்பு அந்தக் கடைசிப் பிரிவில் இல்லை. அதோடு விஞ்ஞானத் துறைகளில் கொழும்பின் வெட்டுப்புள்ளி உயர்ந்தது. ஆகவே இன்னொரு மாவட்டத்தில் மருத்துவ பீடத்துக்குப் போதுமான புள்ளி இங்கே போதாமல் போகலாம். மலையகத்திலிருந்தோ வடக்கு கிழக்கிலிருந்தோ உயர்தரத்துக்காகக் கொழும்புக்கு மாற நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. வதிவிடத்தையும் படித்த பாடசாலையையும் வைத்தே எந்த மாவட்டத்தவர் என்று முடிவாகிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் அந்த விதியை வாசித்துவிட்டே பாடசாலை விடுகைப் பத்திரத்தைக் கேளுங்கள்.

அடுத்த தவறு ஸ்ட்ரீம் தெரிவில் நடக்கிறது. 2013இல் தொழில்நுட்பப் பிரிவு வந்தபோது, "இது இலகுவான கணிதப் பிரிவு, இதிலும் எஞ்சினியர் ஆகலாம்" என்ற எண்ணமும் கூடவே பரவியது. அது சரியல்ல. பொறியியல் பீடத்தின் பொறியியல் பட்டத்துக்கு பௌதிக விஞ்ஞானப் பிரிவுதான் வழி. தொழில்நுட்பப் பிரிவு மாணவர்கள் பொறியியல் தொழில்நுட்பப் பட்டத்துக்குப் போகிறார்கள். இரண்டும் நல்ல படிப்புகள், ஆனால் ஒன்று மற்றதற்குப் பதிலாகாது. ஓ.எல்லில் கணிதத்துக்கு "எஸ்" (சாதாரண சித்தி) எடுத்த பிள்ளையை இணைந்த கணிதத்தில் சேர்ப்பதும் இதே வகைத் தவறுதான். ஓ.எல் கணிதத்தின் அட்சரகணிதத்தில் தடுமாறுபவருக்கு அங்கே முதல் தவணையிலேயே கால் வழுக்கும்.

இடையில் தடைப்பட்டால்? மூன்று "எஸ்" இருந்தாலும் பட்டயக் கணக்காளர் படிப்பு, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பி.ஐ.டி (தகவல் தொழில்நுட்ப) பட்டம் போன்ற கதவுகள் திறந்திருக்கும். இரண்டு சித்தியும் ஒரு "எஃப்"உம் (சித்தியின்மை) வந்தால் கையில் மிஞ்சுவது அநேகமாக ஒன்றுமில்லை. மூன்று தடவை எழுதலாம் என்பதால் இருபது வயது தாண்டியும் அதே வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் உண்டு. இரண்டாம் தடவை எழுதுபவர் வாரத்தில் இரண்டு நாளையாவது ஆங்கிலத்துக்கோ தொழிற்பயிற்சிக்கோ ஒதுக்கட்டும். முதல் தடவை விட்ட பாடத்தை வாரம் ஏழு நாளும் படிக்கத் தேவையில்லை. வர்த்தகப் பிரிவில் படிப்பவருக்கு இன்னொரு வசதி உண்டு: கணக்கீடு படிக்கும்போதே ஏ.ஏ.டி (கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளர்) பரீட்சைகளையும் எழுதிக்கொண்டு போகலாம்.

என்.வி.கியூ முழுநேர வகுப்பு

என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழிற் தகைமைக்கு ஏழு மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். மருதானையில் 1893இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி, நாரஹேன்பிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், காலி வீதியிலுள்ள இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் ஆகியவை கொழும்புப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் இடங்கள். 4ஆம் மட்டம் முடித்தவர் அதே துறையில் 5ஆம், 6ஆம் மட்டங்களுக்கு ஏறி, அதன்பின் இரத்மலானையிலுள்ள தொழிற்கல்வித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். "தொழிற்பயிற்சிக்குப் போனால் பட்டம் கிடையாது" என்ற பேச்சு அந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவிய 2008ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பழங்கதையாகிவிட்டது.

இந்த வழியின் பலம் அதன் படிகளில் இருக்கிறது. 3ஆம் மட்டத்தோடு நின்றாலும் சான்றிதழ் ஒன்று கையில் இருக்கும், வேலைக்குப் போய்ப் பிறகு மீண்டும் ஏறலாம். உயர்தரத்தில் அப்படி நடுவில் நிற்கப் படி இல்லை.

ஏமாறும் இடமும் உண்டு. நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெறுவது ஒன்று, குறிப்பிட்ட கற்கைநெறி அங்கீகாரம் பெறுவது வேறொன்று. பதிவு மட்டுமுள்ள நிறுவனம் தன் சொந்தச் சான்றிதழைத் தரலாம், என்.வி.கியூ தர முடியாது. காசு கட்டுமுன் இந்த வகுப்புக்கே அங்கீகாரம் இருக்கிறதா, எந்த மட்டத்துக்கு, எந்தத் திகதி வரை என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் ஆணைக்குழுவிலேயே விசாரியுங்கள். அடுத்த கேள்வி மொழி. விளம்பரம் தமிழில் இருக்கும், வகுப்பு சிங்களத்தில் நடக்கும். போதனாசிரியர் எந்த மொழியில் விளக்குகிறார், மதிப்பீடு எந்த மொழியில் என்று கேட்காமல் சேர்ந்து, மூன்றாம் மாதம் விலகும் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்றாவது கேள்வி, வகுப்புக்குப் பின்னான வேலைத்தளப் பயிற்சி இடத்தை யார் தேடித் தருவார்கள் என்பது. "நீங்களே தேடிக்கொள்ள வேண்டும்" என்றால் அந்தத் தேடலை முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும்.

பாடசாலைக்குள்ளேயே இருக்கும் ஒரு மாற்றையும் சொல்லிவிட வேண்டும். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவில் ஓ.எல் பெறுபேறு தடையாக வராது. 13ஆம் தரத்தில் தொழிற்பயிற்சி என்.வி.கியூ 4ஆம் மட்டத்தை நோக்கிப் போகும். எல்லாப் பாடசாலையிலும் இல்லை. சீருடையோடு இன்னும் இரண்டு வருடம் இருக்க விரும்பும் பிள்ளைக்கு அருமையான இடம்.

பயிலுனர் வேலை

ராஜகிரியவில் அலுவலகம் கொண்ட தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, அதாவது நைட்டா, பிள்ளையை வேலைத்தளத்தில் பயிலுனராகப் பதிவுசெய்கிறது. ஒப்பந்தத்தில் மூன்று தரப்பு: அதிகாரசபை, வேலை கொடுப்பவர், பயிலுனர். சிறு கொடுப்பனவு கிடைக்கும். மூன்று வழிகளிலும் மிக வேகமாகக் கை பழகுவது இங்கேதான். கராஜில் ஒரு கிளட்ச் கழற்றி மாட்டுவதை வகுப்பில் ஒரு தடவை பார்ப்பவர் இங்கே மாதத்தில் பத்துத் தடவை செய்வார்.

கெட்டுப்போவதும் இங்கேதான் எளிது. தேநீர் வாங்கிவர, தளம் கூட்ட, சாமான் தூக்க என்று ஆறு மாதம் போய்விடும். அதைத் தடுக்கும் ஆயுதம் தினக்குறிப்பேடு. செய்த வேலை, பாவித்த கருவி, எடுத்த நேரம், மேற்பார்வையாளரின் கையொப்பம் எல்லாம் அன்றன்றே எழுதப்பட வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு பெற்றோர் அதை ஒரு தரம் புரட்டிப் பார்க்கட்டும். இரண்டு வாரம் ஒரே வேலையே திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தால் அதிகாரசபையின் பரிசோதகரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. குறிப்பேடு நிரம்பியிருந்தால் வேலைத்தளம் மாறினாலும் கற்றது வீணாகாது, வெறுமையாக இருந்தால் ஒரு வருடமும் கணக்கில் வராமல் போகும். 18 வயது ஆகாதவரை அபாயகரமான வேலைகளில் அமர்த்தச் சட்டம் இடம் தராது என்பதையும் முதல் நாளே வேலை கொடுப்பவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

கடைக்கு நேரே போவது

நான்காவது வழியாக இதைச் சொல்லாமல் விட்டால் கொழும்பைப் பற்றிப் பேசியதாகாது. மாமாவின் புறக்கோட்டைக் கடையோ தெரிந்தவரின் ஹாட்வெயாரோ பல பிள்ளைகளின் முதல் வேலைத்தளம். உடனே காசு வரும், சிங்களம் சரளமாகும். சான்றிதழ் மட்டும் வராது. உறவுக்காரரின் கடை என்றாலும் நியமனக் கடிதம் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 சதவீதம் கழித்து, முதலாளி 12 சதவீதம் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம் முதலாளியின் பணமே. இது மாதா மாதம் போகிறதா என்று பாருங்கள், அந்தப் பதிவுதான் பிற்காலத்தில் நீங்கள் அங்கே வேலை செய்ததற்கு அத்தாட்சி.

வேலை செய்தே கற்ற மின்வேலைக்காரர், தச்சர், சமையற்காரர் வகுப்புக்குப் போகாமல் முன்கற்றல் அங்கீகாரம் மூலமும் என்.வி.கியூ பெறலாம். அதற்கு மதிப்பீட்டாளரிடம் அத்தாட்சி காட்ட வேண்டும்: சேவைக் கடிதம், செய்த வேலையின் படங்கள், பில்கள். முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் இவற்றைச் சேர்த்து வைக்கத் தொடங்கலாம்.