வாரத்தை எப்படிப் பங்கிடுவது: டெல்லி, லண்டன், பெர்லின் நாடாளுமன்ற அட்டவணைகள்

சென்னையில் நான் அரசியல் அறிவியல் கற்பிக்கும் கல்லூரியில் ஒவ்வொரு பிப்ரவரியிலும் திங்கள் முதல் வெள்ளி வரை மாதிரி நாடாளுமன்றம் நடக்கிறது. 66 மாணவர்கள் உறுப்பினர்களாகிறார்கள். தலா 11 பேர் கொண்ட ஆறு குழுக்களாகப் பிரிகிறார்கள். மசோதாவை முதலில் குழுவில் ஆராய்ந்து, பிறகு அவையில் விவாதித்து, வெள்ளிக்கிழமை மாலை வாக்கெடுப்புக்கு விடுகிறார்கள். அந்த ஐந்து நாட்களுக்கு அலுவல் பட்டியல் போடும் பொறுப்பு மூன்று ஆண்டுகளாக என்னிடம் உள்ளது. அவை எப்போது கூடுவது, குழுக்கள் எப்போது கூடுவது என்பது வெறும் எழுத்தர் வேலை என்றுதான் தொடக்கத்தில் நினைத்திருந்தேன். நம் மக்களவை, பிரிட்டனின் காமன்ஸ் அவை, ஜெர்மனியின் பண்டஸ்டாக் ஆகிய மூன்றின் வார ஒழுங்கையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, உறுப்பினரின் நேரத்தை எவர், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதே அந்த வேலையின் சாரம் என்று புரிந்தது. முதல் ஆண்டு லண்டன் முறையைப் பின்பற்றினேன். இரண்டாம் ஆண்டு பெர்லின் முறைக்கு மாறினேன். இந்த ஆண்டும் அதையே தொடர்ந்தேன்.

மக்களவையின் நாள் ஒழுங்கு பலருக்கும் தெரிந்ததுதான். காலை 11 மணிக்குக் கேள்வி நேரம், 12 மணிக்கு மேல் அவசரப் பொதுப் பிரச்சினைகளை எழுப்பும் நேரமில்லா நேரம், பிற்பகலில் மசோதாக்கள், வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரம் அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும். எந்த அலுவலுக்கு எத்தனை மணி நேரம் என்பதைச் சபாநாயகர் தலைமையிலான 15 பேர் கொண்ட அலுவல் ஆய்வுக் குழு பரிந்துரைக்கிறது. அடுத்த வாரத்துக்கான அரசு அலுவலை நாடாளுமன்ற விவகாரத் துறை அமைச்சர் வார இறுதியில் அவையில் அறிவிக்கிறார். ஆயினும், துணை அலுவல் பட்டியல் வழியாக ஒரு மசோதா அன்றைக்கே அவைக்கு வந்துவிட முடியும். 2023 செப்டம்பர் 19 அன்று மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா அப்படித்தான் அறிமுகமாகி, மறுநாள் மக்களவையிலும் அதற்கடுத்த நாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அந்த மசோதாவை நான் முழுமனதோடு வரவேற்றவன். இருப்பினும், அவ்வளவு பெரிய அரசியலமைப்புத் திருத்தத்தைப் படித்து ஆராய உறுப்பினர்களுக்குக் கூடுதலாகச் சில நாட்கள் கிடைத்திருக்க வேண்டும் என்றே இன்றும் கருதுகிறேன்.

வெள்ளிக்கிழமையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தொலைதூரத் தொகுதிகளின் உறுப்பினர்கள் ஊருக்குப் புறப்படும் நேரமும் தனிநபர் மசோதாக்களுக்கான நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. சுதந்திரத்துக்குப் பின் சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று நிறைவேற்றியபோது, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான். மக்களவையில் அது நிறைவேறவில்லை. என் மாணவர்களில் பலருக்கு அந்த மசோதாதான் நாடாளுமன்றத்தின் மீது முதல் ஆர்வத்தை உண்டாக்கியது என்பதால், ஒவ்வோர் ஆண்டும் இதைச் சொல்லியே வகுப்பைத் தொடங்குகிறேன்.

டெல்லி முறையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சக ஆசிரியர்கள் சிலர் கூறினார்கள். நாடாளுமன்றத் தொலைக்காட்சியான சன்சத் டிவியில் பார்ப்பதையே மாணவர்கள் செய்து பழகட்டும் என்ற அவர்களுடைய வாதத்தில் நியாயம் இருக்கிறது. எனக்குத் தடையாக நின்றவை குழுக்கள்தான். 1993இல் 17ஆகத் தொடங்கி 2004இல் 24ஆக உயர்ந்த துறைசார் நிலைக்குழுக்கள் ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் உறுப்பினர்கள். அவற்றின் கூட்டங்கள் மூடிய அறையில் நடக்கின்றன. கூட்டத்தொடர்களுக்கு இடைப்பட்ட மாதங்களிலும் பரவிக் கிடக்கின்றன. வாரத்தில் குழுக்களுக்கென்று ஒதுக்கிய நாள் எதுவும் கிடையாது. மசோதா குழுவுக்குப் போயே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லாததால், 15ஆவது மக்களவைக் காலத்தில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்கு அனுப்பப்பட்டிருக்க, 17ஆவது மக்களவைக் காலத்தில் அது 16 விழுக்காடாகக் குறைந்தது. ஆண்டு முழுவதும் விரிந்து கிடக்கும் இந்த ஏற்பாட்டை ஐந்து நாட்களுக்குள் சுருக்கினால், குழுக்கள்தான் முதலில் காணாமல் போகும்.

ஆகவே லண்டன் பக்கம் திரும்பினேன். அங்கே வியாழக்கிழமை காலை, அரசின் அலுவலை அவையில் நடத்தும் அமைச்சரான அவை முன்னவர் எழுந்து அடுத்த வாரத்தின் அலுவலை உறுதியாகவும், அதற்கடுத்த வாரத்தின் அலுவலைத் தற்காலிகமாகவும் அறிவிக்கிறார். பிரதமரிடம் கேள்வி கேட்பது வாரம் ஒருமுறை புதன்கிழமை என்பது 1997 முதலும், நண்பகலில் என்பது 2003 முதலும் உள்ள ஏற்பாடு. ஒவ்வோர் அமைச்சகத்தையும் கண்காணிக்கும் தெரிவுக் குழுக்கள் 1979 முதல் இயங்குகின்றன. அவை சாட்சியம் கேட்கும் அமர்வுகளைப் பொதுமக்கள் நேரில் அமர்ந்தும் நேரலையிலும் பார்க்கலாம். அமைச்சரும் அதிகாரிகளும் அந்த மேசைக்கு முன் உட்கார்ந்து பதில் சொல்வதைப் பார்த்த பிறகு, குழு என்பதை மாணவர்களுக்கு விளக்க எனக்குத் தனியாக ஒரு பாடம் தேவைப்படவில்லை. இவ்வளவு திறந்த ஏற்பாட்டை விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை என்றே முதல் ஆண்டில் நம்பினேன்.

அந்த முறையில் அவையும் குழுக்களும் ஒரே நேரத்தில் கூடும். அவையில் வாக்கெடுப்பு மணி அடித்தால், வாக்களிக்கும் கூடத்தின் கதவு அடைபடுவதற்கு உறுப்பினர்களுக்கு எட்டு நிமிடம் உண்டு. குழு அமர்வு நிறுத்தப்படும். வாக்களித்துவிட்டுத் திரும்பிவந்து தொடர்வார்கள். காகிதத்தில் இது சிக்கலாகத் தெரியவில்லை. நாங்களும் கைமணி ஒன்றை வைத்துக்கொண்டு அவ்வாறே செய்தோம்.

அந்த ஆண்டு எங்கள் மசோதா பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைப் பற்றியது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற நிலம் அது. பணி ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் செவ்வாய்க்கிழமை காலை குழுவின் முன் வந்து, தென்சென்னையின் மழைநீர் அந்தச் சதுப்பில் எப்படிச் சேர்கிறது, அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாகப் பக்கிங்காம் கால்வாயை எப்படி அடைகிறது, மடுவு குறுகும் இடத்தில் நீர் ஏன் பின்னோக்கி ஏறுகிறது என்பதையெல்லாம் கையால் வரைந்த படத்தோடு விளக்கினார். அவர் பேசிய ஒன்றே முக்கால் மணி நேரத்தில் இருமுறை மணி அடித்தது. முதல் மணிக்கு எழுந்து போன 11 பேரில் ஏழு பேர் திரும்பினார்கள். இரண்டாவது மணிக்குப் பிறகு நான்கு பேர். மற்றவர்கள் அரங்கத்திலேயே தங்கிவிட்டார்கள், ஏனெனில் அங்கே விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தது. தங்கள் கட்சிக் கொறடா இருக்கச் சொன்னதாகவும் பிறகு விளக்கம் தந்தார்கள். அவர்கள் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை விவாதத்தில், மடுவை அகலப்படுத்தினால் கடல்நீர் உள்ளே வந்துவிடாதா என்று ஒரு மாணவி கேட்டார். அமைச்சராக இருந்த மாணவரால் பதில் சொல்ல முடியவில்லை. விருந்தினராக வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்த பொறியாளர் என்னிடம் குனிந்து, “சார், இதற்குச் செவ்வாய்க்கிழமையே முழுப் பதில் சொல்லியிருந்தேனே” என்றார். அந்தப் பதில் நான்கு பேரின் குறிப்பேடுகளில் இருந்தது. அந்த நால்வரில் எவருக்கும் அன்று பேச முறை வரவில்லை.

அன்று இரவே அடுத்த ஆண்டுக்கான முடிவை எடுத்துவிட்டேன். அட்டவணைகளை ஒப்பிடும்போது வெளிப்படைத்தன்மை, முன்னறிவிப்பு, மொத்த அமர்வு நாட்கள் என்று பலவற்றை எடை போடலாம். ஆனால் ஓர் உறுப்பினர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்க வேண்டிய நிலையை அட்டவணை உண்டாக்குகிறதா என்பதையே எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைக்கிறேன். அப்படி உண்டாக்கினால் தோற்பது எப்போதும் குழுதான்; வாக்கும் கேமராவும் கட்சித் தலைமையின் பார்வையும் அவையில் இருக்கும்போது, ஒரு சிறிய அறையில் சாட்சி சொல்பவருக்காக உட்கார்ந்திருக்க மிகுந்த மனவுறுதி வேண்டும்.

பெர்லின் முறை இந்தச் சிக்கலை நாட்களைப் பிரித்தே தீர்க்கிறது. பண்டஸ்டாக்கின் அமர்வு வாரங்கள் எவை என்பது முந்தைய ஆண்டிலேயே முடிவாகிவிடுகிறது. அவைத் தலைவரும் கட்சிக் குழுக்களின் பிரதிநிதிகளும் அடங்கிய மூத்தோர் குழு அதை வகுக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 20 வாரங்கள், மற்றவை தொகுதிக்கு. அமர்வு வாரத்தின் திங்கள் கட்சித் தலைமைக் கூட்டங்களுக்கு. செவ்வாய் கட்சிகளின் துறைவாரிப் பணிக்குழுக்களுக்கும் முழுக் கட்சிக் குழுவுக்கும். புதன் காலை நிலைக்குழுக்களுக்கு. புதன் பிற்பகல் அரசிடம் கேள்வி கேட்பதோடு அவை தொடங்குகிறது. வியாழன் காலை ஒன்பது மணி முதல் வெள்ளி வரை முழு அவை விவாதங்கள். வகுத்த அட்டவணைக்கு வெளியே ஒரு குழுவைக் கூட்ட வேண்டுமானால் அவைத் தலைவரின் அனுமதி வேண்டும். இதனால் மசோதா அவைக்கு வரும்போது, அதைக் குழுவில் படித்தவர் ஒருநாள் முன்புதான் அதைப் பற்றி வாதிட்டு முடித்திருப்பார். கட்சிக்குள் பேச்சு, குழுவில் ஆய்வு, அவையில் விவாதம் என்று ஒரே கேள்வி வாரத்தின் ஊடே நகர்ந்து செல்லும் அந்த வரிசைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

இரண்டாம் ஆண்டு நாங்கள் திங்களைக் கட்சிக் கூட்டங்களுக்கும், செவ்வாய் முழுவதையும் புதன் காலையையும் குழுக்களுக்கும், புதன் பிற்பகலைக் கேள்வி நேரத்துக்கும், கடைசி இரண்டு நாட்களை விவாதத்துக்கும் விட்டோம். சாட்சி சொல்ல வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் 11 பேரும் எதிரே அமர்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை முன்மொழியப்பட்ட திருத்தங்களில் பெரும்பாலானவை குழு அறைகளில் கேட்டவற்றிலிருந்து பிறந்தவை. பேச்சாளர்கள் சாட்சிகளின் சொற்களையே மேற்கோள் காட்டினார்கள். ஓர் அட்டவணை மாற்றத்தால் இவ்வளவு நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இதற்கு விலையும் உண்டு. விவாதம் முழுவதும் இரண்டு நாட்களுக்குள் அடைபடுவதால் வியாழக்கிழமை நீண்டுகொண்டே போகிறது. பெர்லினிலும் வியாழன் அமர்வு நள்ளிரவைத் தாண்டுவதுண்டு. பின்னிரவு அலுவல்களில் சில உரைகளைப் பேசாமல் எழுத்தில் கொடுத்துப் பதிவில் சேர்ப்பார்கள். எங்கள் மாணவர்கள் ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் பிடிக்க வேண்டியவர்கள் என்பதால் மாலை ஆறரைக்கு மேல் அவையை நீட்டிக்க இயலவில்லை. ஆறு பேர் தங்கள் உரைகளை எழுத்தில்தான் தந்தார்கள். முதன்முறையாக மேடையேறக் காத்திருந்த மாணவருக்கு அது உண்மையான இழப்பு. இன்னொன்று: பண்டஸ்டாக் குழுக்களின் வழக்கமான கூட்டங்கள் பெரும்பாலும் மூடிய அறையிலேயே நடக்கின்றன, நிபுணர்களை அழைத்துக் கேட்கும் அமர்வுகளே திறந்தவை. இந்த ஒன்றில் லண்டனைவிட்டு விலக எனக்கு மனமில்லை. நாள் பிரிப்பை பெர்லினிலிருந்தும், திறந்த கதவை லண்டனிலிருந்தும் எடுத்துக்கொண்டோம்.

இதை மக்களவைக்கும் பரிந்துரைப்பேனா என்று ஒரு மாணவர் கேட்டார். ஐந்து நாள், 66 பேர் என்ற அளவில் கிடைத்த அனுபவத்தை 543 பேர் கொண்ட அவைக்கு அப்படியே நீட்டுவது சரியாகாது. முதலாவது மக்களவை தன் ஆயுளில் 677 நாட்கள் கூடியது. 17ஆவது மக்களவை 274 நாட்கள். அமர்வு நாட்களே இவ்வளவு குறைந்திருக்கையில், வாரத்தில் ஒன்றரை நாளைக் குழுக்களுக்குக் கொடுத்தால் கேள்வி நேரமும் விவாதமும் மேலும் சுருங்கக்கூடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 150 நாட்கள் கூடும் காமன்ஸ் அவைக்கு அந்த நெருக்கடி இல்லை.

ஆனாலும் இந்தக் கொள்கை டெல்லிக்கு அந்நியமானதன்று. பெரும்பாலான ஆண்டுகளில் பட்ஜெட் தாக்கலான பிறகு இரு அவைகளும் சில வாரங்களுக்கு ஒத்திவைக்கப்படுகின்றன. அமைச்சகங்கள் தங்கள் செலவுக்காகக் கேட்கும் மானியக் கோரிக்கைகளைத் துறைசார் நிலைக்குழுக்கள் ஆராய்வதற்காகவே அந்த இடைவேளை. 2025இல் பிப்ரவரி 13 அன்று ஒத்திவைக்கப்பட்ட அவைகள் மார்ச் 10 அன்றுதான் மீண்டும் கூடின. குழு வேலை செய்ய வேண்டுமானால் அவை நிற்க வேண்டும் என்பதை நம் விதிகளே ஏற்றுக்கொண்ட இடம் இது. ஒரு சில அமைச்சகங்களின் கோரிக்கைகள் மட்டுமே அவையில் விவாதிக்கப்பட்டு, மற்றவை ‘கில்லட்டின்’ என்ற முறையில் விவாதமின்றி மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்படும் நிலையில், அந்த அமைச்சகங்களின் செலவைத் தனித்தனியே கேள்வி கேட்கும் ஒரே இடமாக அந்தச் சில வாரங்களின் குழு அறைகளே இருக்கின்றன. பட்ஜெட்டுக்குக் கிடைக்கும் அந்த அமைதி, கூட்டத்தொடரின் நடுவே வரும் மசோதாக்களுக்கும் வாரத்தில் அரை நாளாவது கிடைத்தால் போதும் என்றே நான் மாணவரிடம் பதில் சொன்னேன்.

அடுத்த பிப்ரவரிக்கான பட்டியல் இப்போதே என் மேசையில் இருக்கிறது. வியாழன் அமர்வைக் காலை ஒன்பதுக்குப் பதிலாக எட்டரைக்குத் தொடங்குகிறோம். எழுத்தில் உரை தந்த ஆறு பேரில் இன்னும் கல்லூரியில் படிக்கும் இருவருக்கு முதல் இரண்டு இடங்களை ஒதுக்கியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை முழுவதும் அரங்கம் பூட்டியிருக்கும்.