எம்2 என்ஜினின் ரன்னிங்-இன்: 40,000 கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு பார்வை

என்னிடம் இருப்பது பிஎம்டபிள்யூ எம்2. ஜி87 தலைமுறை, ஆறு கியர் மேனுவல். ஓடோமீட்டர் 40,000 கிலோமீட்டரை நெருங்கிவிட்டது. ரன்னிங்-இன் (புது வண்டியின் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்வரை தொடக்கத்தில் கட்டுப்பாட்டோடு ஓட்டுவது) முடிந்த சூட்டோடு எழுதியிருந்தால் அதில் நம்பிக்கை மட்டும்தான் இருந்திருக்கும். ஆயில் குடிக்கிறதா, சத்தம் மாறியதா, இழுவை குறைந்ததா என்பதெல்லாம் இவ்வளவு தூரம் ஓடிய பிறகுதான் தெரியும். அதனால்தான் இத்தனை நாள் காத்திருந்து இப்போது எழுதுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இதுவரை ஒருமுறைகூட ஆயில் சேர்க்க வேண்டி வரவில்லை. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது புகை இல்லை. 7,200 ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) வரை முதல் வருடம் எப்படி ஏறியதோ, இன்றும் அப்படியே ஏறுகிறது. இதெல்லாம் ரன்னிங்-இன்னால் மட்டும் வந்தது என்று ஒரே ஒரு வண்டியை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் நான் எப்படி ஓட்டினேன், ஏன் அப்படி ஓட்டினேன் என்று சொல்ல முடியும்.

கையேட்டில் இருப்பது கொஞ்சம்தான். முதல் 2,000 கிலோமீட்டர் வரை 5,500 ஆர்பிஎம்மையும் 170 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டக் கூடாது. ஒரே வேகத்தில் போகாமல் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அடிவரை அழுத்தக் கூடாது. அதற்குப் பிறகு 5,000 கிலோமீட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போகலாம். அவ்வளவுதான்.

இந்த 5,500 என்ற எண்ணைக் கவனியுங்கள். இந்த எஸ்58 என்ஜினின் உச்சமே 7,200. அப்படியென்றால் மேலே இருக்கும் 1,700 ஆர்பிஎம்மைத்தான் தொடாதே என்கிறார்கள். மீதி முழுக்க நம் கையில். ஆனால் புது வண்டி வாங்கிய பலரும் இதை "மெதுவாக ஓட்டு" என்று எடுத்துக்கொண்டு, 2,000 ஆர்பிஎம்மைத் தாண்டாமல் டாப் கியரில் உருட்டிக்கொண்டே போகிறார்கள். என்னைக் கேட்டால், புது என்ஜினுக்கு அதுதான் ஒத்துவராது.

காரணம் பிஸ்டன் ரிங், அதாவது சிலிண்டருக்குள் ஓடும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையம். சிலிண்டர் சுவரின் உள்பக்கம் பார்க்க வழவழவென்று இருந்தாலும், அதில் குறுக்கும் நெடுக்குமாக மிக நுண்ணிய கோடுகளை வேண்டுமென்றே கீறி வைத்திருப்பார்கள். அந்தப் பள்ளங்களில் ஆயில் தங்கும். மேடுகள் மெல்லிய அரம் மாதிரி வேலை செய்து ரிங்கின் விளிம்பைத் தேய்க்க, ரிங்கும் அந்த மேடுகளைத் தேய்க்க, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும். இதைத்தான் ரிங் செட் ஆவது என்கிறோம். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமில்லை. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. மிதியைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினால் அந்த அழுத்தம் வராது. ரிங் சரியாகப் பொருந்துவதற்குள் ஆயில் சுவரில் தீய்ந்து கண்ணாடி மாதிரிப் படிந்துவிட்டால், அப்புறம் அது ஆயிலை மேலே விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

அதனால் நான் சுமை கொடுத்தேன். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, காலியான சாலையில் மூன்றாவது அல்லது நான்காவது கியரில் 2,500-லிருந்து 4,500 வரை, மிதியைப் பாதிக்கு மேல் அழுத்தி ஏற்றுவேன். பிறகு காலை எடுத்துவிட்டு, கியரை மாற்றாமல், கிளட்ச்சையும் தொடாமல், வேகம் தானாகக் குறைய விடுவேன். கொஞ்ச தூரம் சாதாரணமாகப் போய்விட்டு மறுபடியும் அதே மாதிரி. காலை எடுக்கும்போது இன்னொரு நல்லதும் நடக்கிறது. முடுக்கும்போது டிஃபரன்ஷியல் (என்ஜினின் இழுவையைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) பற்களின் ஒரு பக்கம்தான் சுமை தாங்குகிறது. என்ஜின் பிரேக்கிங்கில் அடுத்த பக்கத்துக்கும் சுமை வருகிறது. இரண்டு பக்கமும் பழக வேண்டாமா?

இதற்கு மலைப்பாதையை விட நல்ல இடம் கிடையாது. ஏற்றமும் இறக்கமும் வளைவும் சேர்ந்து, நாம் யோசிக்காமலே ஆர்பிஎம்மும் சுமையும் மாறிக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் போக வேண்டி வந்தபோது க்ரூஸ் கண்ட்ரோலைத் தொடவில்லை. ஆறிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து நான்கு என்று கியரை மாற்றிக்கொண்டே இருந்தேன். கூட வந்தவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. சரி, சில வாரப் பாடுதானே.

ஆர்பிஎம் வரம்பை விட நான் கண்டிப்பாகப் பார்த்தது ஆயிலின் சூட்டைத்தான். இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கூலன்ட் சில நிமிடங்களில் சூடேறிவிடும், ஆயில் அதற்கு வெகுநேரம் பின்னால்தான் வரும். எம் கார்களில் ஒரு அருமையான வசதி உண்டு: குளிர்ந்த என்ஜினில் ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டரின் எச்சரிக்கைப் பகுதி கீழேயே தொடங்கும், ஆயில் சூடாக ஆக மேலே நகரும். அது முழுக்க விலகினால்தான் சுமையே கொடுப்பேன். அதுவரை 3,000-க்குள், மென்மையான கால். நிறுத்தி வைத்து ஐடிலில் சூடேற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. நேரடி எரிபொருள் செலுத்தும் டர்போ என்ஜின்களில் குளிரில் பெட்ரோல் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கும். ஸ்டார்ட் செய்து, ஆயில் அழுத்தம் வந்ததும், மெதுவாகக் கிளம்பிவிடுவதே நல்லது. பக்கத்துத் தெருவுக்குப் போய்த் திரும்பும் குட்டிப் பயணங்களையும் அந்தக் காலத்தில் கூடிய மட்டும் தவிர்த்தேன்.

2,000 கிலோமீட்டரில் வரும் ரன்னிங்-இன் சர்வீஸில் என்ஜின் ஆயிலோடு டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றுகிறார்கள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். டிஃபரன்ஷியலிலிருந்து வடிந்ததை ஒரு வெள்ளைக் காகிதத்தில் இரண்டு சொட்டு வாங்கி வெயிலில் சாய்த்தால், கருஞ்சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக மின்னியது. விரல் நடுவில் வைத்துத் தேய்த்தால் நெருடவில்லை, அவ்வளவு நுண்ணியது. புதுப் பற்கள் ஒன்றையொன்று வழித்துப் பொருத்திக்கொண்டதன் மிச்சம் அது. அதைப் பார்த்த பிறகு இந்தச் சர்வீஸைத் தள்ளிப்போடலாமா என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

என்ஜின் ஆயிலில் கொஞ்சம் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். இரும்பும் செம்பும் கூடுதலாக இருந்தன, எதிர்பார்த்ததுதான். சிலிக்கானும் கூடுதல். ஓடித் தேய்ந்த வண்டியில் சிலிக்கான் ஏறினால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசு போகிறது என்று பயப்பட வேண்டும். புது என்ஜினில் அது பெரும்பாலும் மூட்டுகளில் பூசும் சீலன்ட்டிலிருந்து வருவது. அடுத்த ஆயில் மாற்றத்தில் எல்லாமே நன்றாக இறங்கியிருந்தன, அதற்கடுத்த முறை இன்னும் கீழே. புது வண்டி வாங்குகிறவர்கள் இந்தப் பரிசோதனையை முதல் ஆயிலிலிருந்தே தொடங்கிவிடுங்கள். பின்னால் ஏதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அளவு கையில் இருக்கும்.

வண்டியைக் கொடுத்த இடத்தில், "இப்போ வர்ற என்ஜினுக்கெல்லாம் ரன்னிங்-இன் தேவையே இல்லை சார், தாராளமா ஓட்டுங்க" என்றார்கள். அதே நிறுவனம் அச்சடித்துக் கொடுத்த கையேடு கையில் இருக்கும்போது இப்படிச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முதல் நாளிலிருந்தே மிதித்து ஓட்டச் சொல்கிறவர்களின் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. இன்றைய சிலிண்டர் சுவர்களின் கூர்மையான மேடுகளைத் தொழிற்சாலையிலேயே வழித்துவிடுகிறார்கள். எஸ்58-இலும் நிசான் ஜிடி-ஆரிலும் சிலிண்டருக்குள் செருகும் வார்ப்பிரும்பு உறையான லைனரே கிடையாது, உருக்கித் தெளித்த மெல்லிய இரும்புப் பூச்சுதான். ரிங் செட் ஆக முன்பு போல நெடுந்தூரம் தேவையில்லை, சுமை தேவை என்பதும் உண்மை. விடுபட்டுப்போவது மீதி பாதி. வண்டி என்பது ரிங் மட்டும்தானா? டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ், கிளட்ச் எல்லாமே புதுசு. டயருக்கே 300 கிலோமீட்டர், பிரேக் டிஸ்க்குக்கும் பேடுக்கும் 500 கிலோமீட்டர் பழக்கம் வேண்டும். பிடிப்பு இன்னும் வராத டயரோடு முதல் நாளே லாஞ்ச் கண்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாய வைக்கும் வசதி) போட்டுப் பார்ப்பதில் எனக்கு எந்த அர்த்தமும் தெரியவில்லை.

ஒரு விஷயம். நான் சொன்ன எண்களை வேறு வண்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சுபாரு டபிள்யூஆர்எக்ஸில் முதல் 1,600 கிலோமீட்டர் வரை 4,000 ஆர்பிஎம்தான் வரம்பு. கார்வெட் சி7-இல் முதல் 500 மைல் வரை டாக்கோமீட்டரே சிவப்புக் கோட்டைக் கீழே இறக்கிக் காட்டும். ஹோண்டாவோ தொழிற்சாலையில் ஊற்றிய முதல் ஆயிலைக் குறித்த சர்வீஸ் வருவதற்கு முன்னால் மாற்றவே வேண்டாம் என்கிறது. என்னைப் போலச் சீக்கிரம் மாற்றினால் அங்கே தவறு. அந்தந்த என்ஜினை வடிவமைத்தவர்களின் கையேடுதான் அந்தந்த வண்டிக்கு.

அதன் பிறகு என்ன மாறியது? 2,000 தாண்டியதும் ஒரே நாளில் வண்டி பறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 10,000 வரைக்கும் ஓட ஓடத்தான் இளகியது. குளிரில் இரண்டாவது கியர் முதலில் முரண்டு பிடிக்கும், இப்போது அப்படி இல்லை. மைலேஜ் கொஞ்சம் கூடியது. சாலை வாகுக்கு ஏற்ப மாறுவதால் அதை எண்ணாகச் சொல்ல விரும்பவில்லை. ஆயிலை மட்டும் கார் திரையில் காட்டும் இடைவெளிக்குப் பாதியிலேயே மாற்றிக்கொண்டு வருகிறேன். ஆயில் சூடாகும்வரை 3,000-க்குள் என்ற பழக்கம் இன்றும் தொடர்கிறது.

வண்டி எடுக்கப் போகிறவர்கள் டெலிவரி நாளில் ஓடோமீட்டரைப் பாருங்கள். நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடியிருந்தால் யார் ஓட்டியது, எதற்கு ஓட்டியது என்று கேளுங்கள். டெஸ்ட் டிரைவில் குளிர்ந்த என்ஜினை மிதித்திருந்தால் அதை நம்மால் திருத்த முடியாது. ரன்னிங்-இன் சர்வீஸுக்கான தேதியை 1,200, 1,300 ஓடியதுமே வாங்கி வைத்துவிடுங்கள். இந்த மாதிரி வண்டியில் மீதி தூரம் நினைப்பதை விடச் சீக்கிரம் ஓடிவிடும். தேதி கிடைக்காவிட்டால், 2,000-ல் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டி வரும்.