எஸ்.எம்.பி.எஸ். போனால் பழுது பார்ப்பதா, மலிவாக ஒன்றா, புதிதாக நல்லதா?

இரண்டு ஆண்டுக்கு முன், ஜூலை கடைசி வாரம். வருமான வரிப் படிவங்களுக்கு 31ஆம் தேதி கெடு. பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் படிவம் நிரப்பித் தருகிறேன். அன்று மாலை மின்சாரம் போனது, வந்தது, மறுபடியும் போனது. மூன்றாம் முறை வந்தபோது மேஜைக்குக் கீழே ‘பட்’ என்று ஒரு சத்தம். கூடவே கருவாடு தீய்ந்ததைப் போல ஒரு நாற்றம். “சி.பி.யு. வெடித்துவிட்டது” என்று மகள் வீடு முழுக்க அறிவித்துவிட்டாள். எங்கள் வீட்டில் அந்த முழுப் பெட்டிக்குமே சி.பி.யு. என்றுதான் பெயர். வெடித்தது அதன் மூலையில் உட்கார்ந்திருக்கும் எஸ்.எம்.பி.எஸ். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி, கணினிக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட்டாகப் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி அது.

கோளாறு அதில்தானா என்பதற்கு நாற்றமே முக்கால் பதில். மீதிக்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. எல்லா இணைப்புகளையும் கழற்றிவிட்டு, மதர்போர்டுக்கு (கணினியின் தாய்ப்பலகை) போகும் 24 முனை இணைப்பில் உள்ள பச்சை வயரையும் ஏதேனும் ஒரு கறுப்பு வயரையும் காகிதக் கிளிப்பால் இணைத்துவிட்டு, பிறகு சுவர் ஸ்விட்சைப் போட வேண்டும். மின்விசிறி சுழன்றால் உயிர் இருக்கிறது. என்னுடையது அசையவில்லை. சுழன்றாலும் நம்பிவிடக் கூடாது. சுமை இல்லாதபோது சமர்த்தாக ஓடிவிட்டு, மதர்போர்டைப் பூட்டியதும் படுத்துக்கொள்வது உண்டு. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால், 12 வோல்ட் தரும் மஞ்சள் வயர் 11.4க்கும் 12.6க்கும் இடையில் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கி, கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தேன். கையில் செத்த பெட்டி, துணிப்பையில். அந்தச் சாலையில் ஒரு மணி நேரம் சுற்றியதில் என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: 400 ரூபாய்க்குப் பழுது பார்ப்பது, 750 ரூபாய்க்குப் பெயர் தெரியாத புதுப் பெட்டி, 4,200 ரூபாய்க்கு ஐந்தாண்டு உத்தரவாதத்துடன் 550 வாட் நல்ல பெட்டி. பழைய அலுவலகக் கணினிகளிலிருந்து கழற்றியவையும் குவியலாகக் கிடக்கின்றன. அவற்றைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பலவற்றின் இணைப்புகள் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. நம் மதர்போர்டில் பொருந்தாது. பொருந்தினாலும் எத்தனை ஆண்டு உழைத்த பெட்டி என்று யார் சொல்வது?

750 ரூபாய்ப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கையில் எடுத்தாலே தெரிந்துவிடும், தேங்காய் மூடி போல லேசாக இருக்கும். பக்கவாட்டில் 450 வாட் என்று பெரிய எழுத்து. அதே ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்று போட்டிருந்தார்கள். பெருக்கினால் 192 வாட். இன்றைய கணினியில் பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுமே 12 வோல்ட்டைத்தான் தின்கின்றன. மீதி வாட் எல்லாம் காகிதத்தோடு சரி. படிவம் நிரப்புகிற என் கணினிக்கு 192 வாட் போதும் என்பது வேறு விஷயம். நான் அதை வேண்டாம் என்றதற்கு வாட் காரணம் இல்லை. காரணத்தைப் பழுது பார்க்கிறவர்தான் காட்டினார்.

முதல் மாடியில் ஓர் ஆள் அகலத்துக்குக் கடை. அவர் கோலார் தங்கவயல்காரர். 2001இல் சுரங்கத்தை மூடும் வரை அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்தவர். நான் வாய் திறந்ததும் தமிழுக்கு மாறிவிட்டார். என் பெட்டியைத் திறந்து முதலில் பெரிய கெப்பாசிட்டரின் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உறுப்பு) இரண்டு முனைகளையும் ஒரு பழைய குண்டு பல்பின் வயரால் தொட்டார். சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் அதில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு இந்தப் பெட்டியைத் திறக்க நினைக்கிறவர்கள் இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படிக்கவும்.

உள்ளே நான்கு கெப்பாசிட்டர்களின் தலை இட்லி போல உப்பியிருந்தது. ஒன்று பிளந்து பழுப்பாகக் கசிந்திருந்தது. நாற்றத்தின் ஊற்று அதுதான். “இவற்றை மாற்றிவிடலாம் சார், ஒரு மணி நேரம்” என்றார். மகிழ்ந்துபோனேன். கெடு ஞாபகத்தில் இருந்தவனுக்கு ஒரு மணி நேரம் என்பது தேன்.

“எத்தனை நாள் தாங்கும் அண்ணா?”

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. ஓரத்துக் குவியலிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்துச் சுவரில் செருகினார். பச்சை வயரைத் தொடவே இல்லை, அதாவது அது ஓடவில்லை. மல்டிமீட்டரின் சிவப்பு முனையை ஊதா வயரில் வைத்தார். 5 காட்ட வேண்டிய இடத்தில் 7.3 காட்டியது. “நேற்று ஒருவர் கொண்டுவந்தது. மதர்போர்டும் சேர்ந்து போய்விட்டது” என்றார்.

என் முடிவு அந்த ஊதா வயரில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கணினியை நாம் நிறுத்தினாலும் சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கும் வரை ஊதா வயரில் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டு விழித்துக்கொள்வது அதன் தயவில்தான். எஸ்.எம்.பி.எஸ்ஸின் மற்ற பகுதிகள் இரவில் தூங்குகின்றன. இந்தக் காவல் சுற்று மட்டும் 24 மணி நேரமும் வேலை பார்க்கிறது. ஆகவே முதலில் கிழடாகிறதும் அதுதான். மலிவுப் பெட்டிகளில், பழைய பெட்டிகள் பலவற்றிலும்கூட, இது இரண்டு டிரான்சிஸ்டர்களை வைத்துக் கட்டிய எளிய சுற்று. 5 வோல்ட்டைத் தாண்டாதே என்று அதற்குச் செய்தி கொண்டுபோகும் வழியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. சூடாகும் உறுப்புகளின் பக்கத்திலேயே அதைப் பதித்திருப்பார்கள். 10 டிகிரி சூடு கூடினால் இத்தகைய கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அது உப்பாது, கசியாது, சத்தமில்லாமல் உலர்ந்துபோகும். உலர்ந்ததும் செய்தி போய்ச் சேராது; ஊதா வயரில் வோல்ட் ஏறும். 5.25க்கு மேல் போகக் கூடாத இடத்தில் 6, 7 என்று போகும். கணினி நிறுத்தித்தானே இருக்கிறது என்று நாம் உறங்கும்போது மதர்போர்டு வெந்துகொண்டிருக்கும்.

நல்ல பெட்டிகளில் இந்த வேலைக்கென்று தனி ஐ.சி. (சில்லு) இருக்கிறது, வோல்ட் மீறினால் தானே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பும் இருக்கிறது. 4,200 ரூபாயில் பெரும்பங்கு இதற்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். 80 பிளஸ் வெண்கலச் சான்றைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. அது வீணாகும் மின்சாரம் எவ்வளவு என்பதை அளக்கிற சான்று, பாதுகாப்பைப் பற்றி அது பேசாது. ஆனால் பாதுகாப்புகள் இன்னின்ன என்று பெட்டியிலேயே அச்சிட்டு, ஐந்தாண்டுக்குக் கையெழுத்தும் போடுகிறவர் அந்தச் சிறு கெப்பாசிட்டரில் எட்டணா மிச்சம் பிடிக்க மாட்டார் என்பது என் கணிப்பு.

காசை மட்டும் பார்த்தால் பழுதுதான் ஜெயிக்கும். 4,200ஐ ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 840 ரூபாய்; அதில் இரண்டு முறை பழுது பார்த்துவிடலாம். அந்த அண்ணனிடம் உலர்ந்த சின்னவனையும் சேர்த்து மாற்றச் சொன்னால் மாற்றியும் தருவார். ஆனால் அவர் தரும் உறுதி மூன்று மாதம். அதையும் அவர் மறைக்கவில்லை. “நான் மாற்றியது போகாது சார், மாற்றாதது போகும்” என்றார். அந்தப் பெட்டியை நம்பி நிற்பது மதர்போர்டு, பிராசசர், தெருக்காரர்களின் நான்கு ஆண்டுக் கணக்கு இருக்கிற எஸ்.எஸ்.டி. புதிதாக வாங்கினால் 20,000 ரூபாய்க்குக் குறையாது. கணக்குகளைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. 3,800 ரூபாய் மிச்சம் பிடிக்க இத்தனையையும் பணயம் வைக்க மனம் வரவில்லை; 4,200 ரூபாய்ப் பெட்டியையே வாங்கினேன். உங்கள் கணினியின் எஸ்.எம்.பி.எஸ். விசித்திர அளவில் இருந்து, கடையில் மாற்றுக் கிடைக்காவிட்டால், அல்லது போனது விசிறி மட்டும்தான் என்றால், பழுது பார்ப்பதே சரி. அவரிடமே போங்கள் என்பேன்.

புதியதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மின்சாரத்தைச் சீரான அலையாக இழுக்க வைக்கும் மின்திறன் காரணித் திருத்தச் சுற்று (பி.எஃப்.சி.) ஒன்று இதில் இருக்கிறது. என் மலிவு யு.பி.எஸ். தரும் சதுர அலை மின்சாரம் அதற்கு ஒத்துவரவில்லை போலும். மின்சாரம் போய் யு.பி.எஸ். ஏற்றுக்கொள்ளும் கணத்தில் கணினி இரண்டு முறை அணைந்திருக்கிறது. பழைய பெட்டி இப்படிச் செய்ததில்லை. உத்தரவாதம் பற்றி நான் அளந்துவிட முடியாது. வாங்கி இரண்டு ஆண்டுதான் ஆகிறது, கோரிப் பெற வேண்டிய நிலை இன்னும் வரவில்லை. வந்தால், மாற்றுப் பெட்டி கைக்கு வரும் வரை கணினி சும்மா கிடக்கும். அந்த முதல் மாடிக் கடையின் ஒரு மணி நேரத்தோடு அதை ஒப்பிடவே முடியாது. பில்லைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், கடைகள் தரும், வெப்பத்தால் அச்சாகும் காகிதத்தில் எழுத்து ஓராண்டில் மங்கிவிடுகிறது.

பூட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட பெட்டியானால் பழைய கேபிள்களைப் புதியதில் செருகாதீர்கள். மதர்போர்டுப் பக்கத்து முனைதான் பொது, பெட்டிப் பக்கத்து முனையில் ஒவ்வொரு நிறுவனமும் வயர்களைத் தன் விருப்பப்படி அமைக்கிறது. வாகாகச் செருகிக்கொள்ளும், ஹார்ட் டிஸ்க்கை எரித்துவிடும்.

செத்த பெட்டியை அந்த அண்ணனிடமே விட்டுவிட்டு வந்தேன். உதிரிக்கு ஆகும் என்று பார்வையாலேயே எடை போட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். 30ஆம் தேதி இரவு கடைசிப் படிவம் போனது.

புதியது வந்த பிறகும் இரவில் சுவர் ஸ்விட்சை நிறுத்திவிடுகிறேன். ஊதா வயர் மேல் பிறந்த பயம் போகவில்லை. இதற்கும் ஒரு செலவு உண்டு: கணினியின் கடிகாரம் இரவெல்லாம் மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரியைத் தின்கிறது, அது சற்று முன்பே தீர்ந்துபோகும். சி.ஆர். 2032 என்று கேளுங்கள், முப்பது ரூபாய்.